இரண்டாம் முறை ஏன் ரத்தம் எடுத்தார்கள்?

அன்புள்ள அம்மா,

போன வாரம் சாட்ஸ்வொர்த்திலிருந்து மகளை அழைத்துக்கொண்டு படிப்பு ஆலோசனைக்கு வந்திருந்தீர்கள். "டாக்டருக்குப் படிக்கமாட்டாளாம், ரத்தம் சோதிக்கிற வேலைக்குப் போகிறாளாம்" என்று சொல்லும்போதே உங்கள் குரல் கம்மியது. அன்று நேரம் போதவில்லை. விட்டுப்போனதை எழுதுகிறேன்.

நீங்கள் தொலைபேசியில் பேச வெளியே போயிருந்தபோது அவள் ஒன்று கேட்டாள். தாத்தாவுக்கு நெஞ்சுவலி வந்த இரவு, முதலில் எடுத்த ரத்தத்தில் ஒன்றுமில்லை என்றார்களாம். மூன்று மணி நேரம் கழித்து எடுத்ததில் மாரடைப்பு என்றார்களாம். "அதே ஆள்தானே சார், எப்படி மாறியது?" கேட்டுக்கொண்டே என் மேசைமேல் கிடந்த காகிதத்தில் இரண்டு புள்ளி வைத்து, கீழிருந்து மேலாக ஒரு கோடு இழுத்தாள். மருத்துவம்தான் வேண்டும் என்று வருகிற பிள்ளைகளில்கூட இப்படிக் கேட்டவர்கள் மிகக் குறைவு அம்மா.

மாரடைப்பை உறுதிசெய்வதில் அந்தக் கோட்டுக்குப் பெரிய பங்கு உண்டு. இதயத் தசை சுருங்க உதவும் புரதம் ட்ரோபோனின். ரத்தக்குழாய் அடைத்துத் தசை செல்கள் சாகும்போது அது ரத்தத்தில் கசிகிறது. அளந்து சொல்லும் அளவுக்குச் சேரச் சிறிது நேரம் பிடிக்கும். வலி தொடங்கியதும் ஓடிவந்தவருக்கு முதல் சோதனையில் ஒன்றும் தெரியாமல் இருக்கலாம். இதற்கு முன் வேறு பொருள்களை அளந்தார்கள். மாரடைப்பைக் கண்டறியப் பயன்படும் என்று 1954இல் கண்ட எஸ்ஜிஓடி என்ற நொதி, கல்லீரல் கெட்டாலும் ஏறும். பின்னால் அளக்க வந்த சிகே-எம்பி என்ற நொதி மற்றத் தசைகளிலும் கொஞ்சம் உண்டு. ட்ரோபோனின் சோதனை இதயத் தசையையே காட்டிக்கொடுக்கிறது. இன்று ஒரு கிராமில் நூறு கோடியில் ஒரு பங்கு என்ற கணக்கில் அதை அளக்கிறார்கள். சிறுநீரகம் பழுதானவருக்கு அது எப்போதும் கூடுதலாக இருக்கக்கூடும். அதனால்தான் ஏறுகிறதா, இறங்குகிறதா என்று மறுபடி பார்க்கிறார்கள். ஈசிஜியிலேயே அடைப்பு தெளிவாகத் தெரிந்தால் ரத்த முடிவுக்குக் காத்திருக்கக் கூடாது. தெரியாதபோது, நோயாளியை வீட்டுக்கு அனுப்பலாமா என்று முடிவெடுக்க மருத்துவர் எதிர்பார்ப்பது ஆய்வகத்தின் எண்ணைத்தான். ரத்தம் எடுத்த சோதனைக்குழாயில் சிவப்பணுக்கள் உடைந்திருந்தால் அந்த எண் பிசகலாம். அதைக் கவனித்து "மறுபடி எடுத்து அனுப்புங்கள்" என்று நள்ளிரவில் சொல்ல ஒருவர் வேண்டும். உங்கள் மகள் ஆசைப்படுவது அந்த வேலைக்கு.

டர்பன் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் மருத்துவ ஆய்வக அறிவியல் பட்டப்படிப்பு இருக்கிறது. முடித்தபின் தென்னாப்பிரிக்கச் சுகாதாரத் தொழில்சார் மன்றத்தில் பதிவு செய்ய வேண்டும். அரசு மருத்துவமனைகளில் தேசிய சுகாதார ஆய்வகச் சேவை, வெளியே தனியார் ஆய்வகங்கள் என்று வேலைக்கு இடம் உண்டு. இரவுப் பணியும் தீபாவளியன்று பணியும் வரும். மருத்துவர் சம்பளம் கிடைக்காது. இதை அவளிடமும் மறைக்காமல் சொன்னேன்.

இப்போது அவசரமானது பத்தாம் வகுப்புக்குப் பாடங்களைத் தேர்ந்தெடுக்கும் படிவம். கணிதத்துக்குப் பதிலாக மேத்தமெட்டிக்கல் லிட்டரசி என்ற எளிய கணக்குப் பாடம் எடுத்தால் மதிப்பெண் ஏறும் என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள். அவள் கேட்கும் படிப்பும் போகும், நீங்கள் கேட்கும் மருத்துவமும் போகும். கணிதம், இயற்பியல்-வேதியியல், உயிரியல் மூன்றையும் எடுக்கட்டும். இரண்டுக்கும் தேவை இதே பாடங்கள்தான். எது என்ற சண்டையை மூன்று வருடம் தள்ளிப்போடலாம்.

அந்தக் காகிதத்தை இத்துடன் வைத்திருக்கிறேன். படிவத்தில் கையெழுத்துப் போடும்முன் அவளை உட்காரவைத்து, அந்தக் கோடு என்னவென்று கேளுங்கள்.