மதுரையில் குடிக்காதவனுக்கு ராத்திரி உண்டா?

கேள்வி இதுதான்: "வேலை மாற்றலாகி மதுரைக்கு வருகிறேன். எனக்குக் குடிப்பழக்கம் இல்லை. கூட வேலை பார்ப்பவர்கள் சனிக்கிழமை ஆனால் பாருக்குக் கிளம்புவார்கள் என்று கேள்விப்பட்டேன். குடிக்காத ஆள் இந்த ஊரின் சாப்பாட்டையும் ராத்திரியையும் அனுபவிக்க முடியுமா, இல்லை அறையில் உட்கார்ந்து போன் பார்க்க வேண்டியதுதானா?"

நான் 11 வருடம் குடித்தவன். நிறுத்தி 7 வருடம் ஆகிறது. இரண்டு காலத்திலும் இருந்தது இதே மதுரையில்தான். அதனால் பதில் சொல்லக் கொஞ்சம் தகுதி இருப்பதாக நினைக்கிறேன்.

மருந்துக் கம்பெனி ஒன்றில் விற்பனைப் பிரதிநிதி வேலை. மாதக் கடைசியில் டார்கெட் முடிந்தால் பார், முடியாவிட்டாலும் பார். ஒருநாள் வேறு எதற்கோ எடுத்த ஸ்கேனில் கல்லீரலில் கொழுப்பு என்று வந்தது. பல வருடம் என்னிடம் மாத்திரை சாம்பிள் வாங்கிய டாக்டரே எனக்குச் சீட்டு எழுத வேண்டியதாயிற்று. அவர் சிரித்துக்கொண்டேதான் எழுதினார். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை.

நிறுத்திய முதல் மாதம் குடிக்காமல் இருப்பது கூடப் பெரிய கஷ்டமாகத் தெரியவில்லை. சனிக்கிழமை ராத்திரி 8 மணியிலிருந்து 11 மணி வரை என்ன செய்வது என்பதுதான் தெரியவில்லை. உங்கள் கேள்வியும் ஏறக்குறைய அதே இடத்தில்தான் நிற்கிறது. சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

தமிழ்நாட்டில் மதுக்கடை மதியம் 12 மணிக்குத் திறந்து ராத்திரி 10 மணிக்கு மூடும். நட்சத்திர ஓட்டல் பார்களுக்கு நேரம் வேறு, அதை விடுங்கள். மதுரையின் பரோட்டாக் கல் 7 மணிவாக்கில் சூடேறும், நள்ளிரவு தாண்டியும் ஆறாது. அதாவது குடிக்கிறவனுடைய கடிகாரமும் ஊருடைய கடிகாரமும் வேறு வேறு. நான் குடித்த காலத்தில் 10 மணிக்குக் கடை மூடி, எல்லாரும் ஒரே நேரத்தில் தெருவுக்கு வந்து, பத்தே காலுக்குப் பரோட்டாக் கடையில் மொய்ப்போம். இடம் கிடைக்காது. கிடைத்தாலும் சுக்கா தீர்ந்திருக்கும். மாஸ்டர் களைத்துப்போயிருப்பார். சால்னா அடிமண்டியாக இருக்கும். அதையே "செம டேஸ்ட் மாப்ள" என்று சொல்லிச் சாப்பிட்டுவிட்டு வந்திருக்கிறோம். யோசித்துப் பார்த்தால் அந்த 11 வருடத்தில் நான் சாப்பிட்டதெல்லாம் சைடிஷ்தான். அவித்த சுண்டல், வெள்ளரித் துண்டு, ஊறுகாய், மிளகுத்தூள் தூவிய முட்டை. மதுரையில் பிறந்து வளர்ந்த ஒருத்தன் அயிரை மீன் குழம்பை நிதானமாக ருசித்தது 34 வயதுக்கு மேல்தான் என்றால் சொல்லவே கூச்சமாக இருக்கிறது.

எட்டு மணிக்குப் போய்ப் பாருங்கள். கல் பளபளவென்று இருக்கும், மாஸ்டர் உற்சாகமாக இருப்பார், சொன்னால் கேட்பார். "அண்ணே, பரோட்டாவைப் பிச்சுப் போட்டு ஊற வைக்கவா?" என்று அவரே கேட்பார். "ஆமா" என்று சொல்லிவிட்டு ஒரு கலக்கி சொல்லுங்கள். முட்டையைச் சால்னாவோடு அடித்துக் கல்லில் ஊற்றி, முழுதாக வேகும் முன்பே சுருட்டி எடுப்பதுதான் கலக்கி. ஒரு நொடி தாமதித்தால் ஆம்லெட், ஒரு நொடி முந்தினால் குழம்பு. அந்தப் பதம் நாக்குக்குத் தெரிய வேண்டுமென்றால் நாக்கு மரத்திருக்கக் கூடாது.

கறி தோசை இன்னொன்று. சிம்மக்கல் கோனார் கடையை யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். தடிமனாக மாவை ஊற்றி, அதன் மேல் முட்டை, அதன் மேல் வெந்த கொத்துக்கறியைப் பரப்பித் திருப்பிப் போடுவார்கள். ஒன்று போதும். இரண்டாவது சொல்லிவிட்டு முழிக்காதீர்கள். ஆட்டில் ஒன்றையும் வீணாக்காத ஊர் இது. ஈரல், குடல், மூளை, நெஞ்செலும்பு, சுவரொட்டி என்கிற மண்ணீரல், ரத்தப் பொரியல் என்று பட்டியல் நீளும். சைவம் என்றால் ராத்திரி இட்லிக் கடைகளும் தண்ணிச் சட்னியும் இருக்கின்றன. அதற்குமேல் சைவத்தைப் பற்றிப் பேச நான் சரியான ஆள் இல்லை.

குடிப்பதற்கு என்ன இருக்கிறது என்று கேட்பீர்கள். ஜிகர்தண்டாவிலிருந்து தொடங்குகிறேன், அதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. ஜிகர் என்றால் கல்லீரல், தண்டா என்றால் குளிர்ச்சி. உருதுவில் ஜிகர் நெஞ்சையும் குறிக்கும். நெஞ்சைக் குளிர வைப்பது என்றுதான் எல்லாரும் பொருள் சொல்வார்கள். எனக்கு மட்டும் கல்லீரல் என்ற அர்த்தம்தான் சட்டென்று ஞாபகத்துக்கு வரும். விளக்குத்தூண் பக்கம் போனால் நின்றபடியே குடிக்கிற கூட்டத்தைப் பார்க்கலாம். வற்றக் காய்ச்சிய பால், கடல்பாசியோ பாதாம் பிசினோ, நன்னாரி சர்பத், மேலே ஐஸ்கிரீம். இனிப்பு அதிகம். டாக்டர் சர்க்கரையையும் குறைக்கச் சொல்லியிருப்பதால் வீட்டுக்காரியும் நானும் ஒன்று வாங்கிப் பாதி பாதியாகக் குடிப்போம். (அந்த விளக்குத்தூணே கோட்டைச் சுவரை இடித்து ஊரை விரித்த கலெக்டர் பிளாக்பர்ன் நினைவாக நட்டதுதான். அந்தச் சுவர் இருந்த இடம்தான் இன்றைய வெளிவீதிகள். குடித்த காலத்தில் அதன் கீழேயே வண்டியை நிறுத்தியிருக்கிறேன், ஒருநாளும் நிமிர்ந்து பார்த்ததில்லை.)

மழை நாளென்றால் பருத்திப்பால். பருத்திக்கொட்டையை ஊற வைத்து ஆட்டிப் பிழிந்த பாலில் வெல்லமோ கருப்பட்டியோ போட்டு, சுக்கும் ஏலமும் சேர்த்துக் காய்ச்சுவது. தள்ளுவண்டியில் ஆவி பறக்கும். தொண்டையில் சுக்கு இறங்கும்போது ஒரு எரிச்சல் வருமே, பழைய ஆட்களுக்கு அது எதை ஞாபகப்படுத்தும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. அப்புறம் ரயில் நிலையத்துக்கு எதிர்ப்பக்கம் பிரேமா விலாஸில் சூடான அல்வாவை இலையில் வாங்கி, அதன் மேல் ஒரு வாய் காரம்.

இப்போது கொஞ்சம் சிக்கலான விஷயம்: கூட்டாளிகள். ஊர் உங்களை ஒன்றும் செய்யாது. டேபிளில் உட்கார்ந்திருக்கிற நாலு பேர்தான் பிரச்சினை.

முதலாவது, விளக்கம் சொல்லாதீர்கள். "குடிப்பதில்லை" என்று சொன்னால் ஏன் என்று ஒரு பட்டிமன்றம் நடக்கும். "பீரெல்லாம் சரக்கே இல்ல மாப்ள" என்று ஒருத்தர் தீர்ப்பு சொல்வார். "காலையில 5 மணிக்கு வண்டி எடுக்கணும்" என்று சொன்னால் யாரும் மறுபேச்சுப் பேச மாட்டார்கள். ஆரம்பத்தில் நான் ஒரு திருட்டு வேலையும் செய்தேன். ஐஸ் போட்ட கண்ணாடி டம்ளரில் பொவண்டோவை ஊற்றி வைத்துக்கொள்வேன். பார்க்க ரம்மும் கோலாவும் மாதிரியே இருக்கும். இரண்டு மாதம் ஒருத்தரும் கண்டுபிடிக்கவில்லை. பொவண்டோ நம்ம பக்கத்துச் சரக்குதான். 1916-இல் விருதுநகரில் தொடங்கிய காளிமார்க்குடையது. ஓட்டல்களில் மாக்டெயில் என்று கலர் கலராகக் கொடுப்பது பெரும்பாலும் சர்க்கரைப் பாகு. அதற்கு லைம் சோடா மேல். உப்பும் கொஞ்சம் இனிப்பும் போடச் சொல்லுங்கள்.

இரண்டாவது, பில். இதில் நான் ஒரு வருடம் ஏமாந்தேன். ஐந்து பேர் போவோம், நான் ஒரு லைம் சோடாவும் ஒரு சிக்கனும் சாப்பிட்டிருப்பேன், மொத்தத்தை ஐந்தால் வகுப்பார்கள். வாய் திறந்து கேட்டால் கஞ்சன் என்று பேர் வரும். பிறகுதான் ஒரு வழி பிடிபட்டது. மதுவுக்கு ஜி.எஸ்.டி. கிடையாது, அதற்கு மாநில அரசின் வாட் வரி. சாப்பாட்டுக்குத்தான் ஜி.எஸ்.டி. கணக்கு இரண்டாக இருப்பதால் ஆர்டர் கொடுக்கும்போதே "சாப்பாடு தனி பில், சரக்கு தனி பில்" என்று சொல்லிவிட்டால் சர்வருக்கும் சங்கடமில்லை, உங்களுக்கும் இல்லை. சாப்பாட்டு பில்லை ஐந்தால் வகுத்துக் கொடுத்துவிட்டு எழுந்துவிடலாம்.

மூன்றாவது, டிரைவர் வேலை. குடிக்காதவன் கையில் எல்லார் வண்டிச் சாவியும் வந்து சேரும். நியாயமான காரணமும் உண்டு: 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராமுக்கு மேல் ஆல்கஹால் இருந்து வண்டி ஓட்டினால் முதல் தடவைக்கே 10,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ கூட வரலாம். அதற்காக வாரா வாரம் ஒருத்தரை ஆனையூரிலும் இன்னொருத்தரை அவனியாபுரத்திலும் இறக்கிவிட்டு வீடு வந்து சேர ஒரு மணியாகும். ஊரின் இரண்டு கோடி அவை. ஒருநாள் பின்சீட்டில் வாந்தி. மறுநாள் கார் கழுவியது நான். அன்றோடு சொல்லிவிட்டேன்: ஆட்டோ பிடித்துத் தருவேன், ஓட்ட மாட்டேன். கோபித்துக்கொண்டவர் ஒருத்தர்தான், அதுவும் ஒரு வாரம்.

இப்போது நான் பாருக்குள்ளேயே போவதில்லை. "நீங்க முடிச்சுட்டு வாங்க, நான் கடையில இடம் போட்டு வைக்கிறேன்" என்று சொல்லிவிடுவேன். எட்டரைக்கே போய் எனக்கு வேண்டியதைச் சாப்பிட்டு முடித்துவிட்டு, அவர்களுக்குச் சுக்காவும் சொல்லி வைத்துவிடுவேன். நம்பிப் பாருங்கள், எந்தக் கூட்டத்திலும் இடம் பிடித்து வைக்கிறவனுக்கு ஒரு மரியாதை உண்டு. ஐந்து பேரில் இரண்டு பேர் இப்போது எட்டரைக்கே வந்துவிடுகிறார்கள். மூன்று பேர் வழக்கம்போல் பத்தே காலுக்கு. அவர்களை நான் ஒன்றும் சொல்வதில்லை.

சாப்பிட்ட பிறகு எங்கே போவது? நட. மீனாட்சி கோயிலைச் சுற்றியுள்ள சித்திரை வீதிகளில் வண்டிகள் கிடையாது. கோபுரத்தைப் பார்த்தபடி குடும்பம் குடும்பமாகத் தரையில் உட்கார்ந்திருப்பார்கள். ஒன்பதரைவாக்கில் கோயிலுக்குள் இருந்தால் பள்ளியறைப் பூஜை பார்க்கலாம். சொக்கநாதரின் பாதுகையைப் பல்லக்கில் வைத்து அம்மன் சன்னதிக்குக் கொண்டுபோவார்கள். செல்பேசி உள்ளே அனுமதி இல்லை என்பதால் அந்த அரை மணி நேரம் நிஜமாகவே அரை மணி நேரமாக இருக்கும். இல்லையென்றால் தெப்பக்குளக்கரை. திருமலை நாயக்கர் 1645-இல் வெட்டியது, இப்போதெல்லாம் ராத்திரியில் கரை முழுக்கத் தீனிக் கடைகள். தூக்கமே வராத நாளில் அதிகாலை மாட்டுத்தாவணி பூ மார்க்கெட். மல்லிகை மூட்டைகளுக்கு நடுவே நின்று ஒரு டீ குடியுங்கள். ராத்திரி வியாபாரம் இந்த ஊருக்குப் புதிதில்லை. சங்கப் பாட்டிலேயே மதுரையின் அல்லங்காடி, அதாவது ராத்திரிச் சந்தை, வருகிறது, அடை விற்பவர்கள் கடையிலேயே உட்கார்ந்தபடி தூங்கி விழுகிறார்கள். கள்ளுக்கடைக் கொடியும் அதே பாட்டில் பறக்கிறது, மறைக்கவில்லை.

ஒன்று ஒப்புக்கொள்ள வேண்டும். பெங்களூர் மாதிரி பாட்டுக் கச்சேரியோடு ராத்திரி காபிக் கடை, நடன அரங்கு எல்லாம் எதிர்பார்த்தால் ஏமாந்துபோவீர்கள். மதுரையின் ராத்திரி என்றால் தெருவும் அடுப்பும்தான். சில நாள் போலீஸ் ரோந்து வந்து 11 மணிக்கே கடையைச் சாத்தச் சொல்வதும் உண்டு.

கடைசியாக, என் சொந்தக் கணக்கு. கல்யாணமாகி முதல் சில வருடம் என் மனைவி ராத்திரி மதுரையைப் பார்த்ததே இல்லை. வாசலில் விளக்கைப் போட்டு உட்கார்ந்திருப்பாள். நிறுத்திய அடுத்த சித்திரையில் அவளையும் மகளையும், ஊருக்குள் வரும் அழகரை எதிர்கொண்டு வரவேற்கும் எதிர்சேவைக்குக் கூட்டிப்போனேன். அழகர் மலையிலிருந்து இறங்கி வர, தல்லாகுளம் முழுக்க ஜனம். சர்க்கரை நிரப்பிய செம்பில் சூடம் ஏற்றிப் பிடித்தபடி பெண்கள், தோல் பையில் தண்ணீர் பீய்ச்சுகிற ஆட்கள், பத்தடிக்கு ஒரு நீர்மோர்ப் பந்தல். யாரோ ஒரு பெரியவர் கூப்பிட்டு "தாயி, பிள்ளைக்குக் குடும்மா" என்று தொன்னையில் புளியோதரை கொடுத்தார். மணி ரெண்டு. மகள் என் தோளில் தூங்கிவிட்டாள். விடியற்காலை அழகர் வைகை ஆற்றில் இறங்குவதையும் பார்த்துவிட வேண்டும் என்று மனைவிக்கு ஆசை. நாங்களும் பாலத்துப் பக்கம் ஒரு திண்ணையில் உட்கார்ந்தோம். கண் விழித்தபோது வெயில் வந்திருந்தது. அழகர் இறங்கி முடித்து வண்டியூர் பக்கம் போயிருந்தார். வீட்டுக்கு வந்து டிவியில் பார்த்தோம்.