ஃபுளோரைடு பேஸ்ட், போர் தண்ணீர், காவிப் பல்: கேட்டதும் சொன்னதும்

பொள்ளாச்சியிலிருந்து: டாக்டர், ஃபுளோரைடு பேஸ்ட் வாய்க் கிருமியைக் கொன்றுவிடுமாங்க?

கொல்லாதுங்க, முடக்கும். ஸ்ட்ரெப்டோகாக்கஸ் மியூட்டன்ஸ் மாதிரி பாக்டீரியா நாம் தின்கிற சர்க்கரையை அமிலமாக்கும். அந்தப் புளிப்பு ஏற ஏற, ஃபுளோரைடு ஹைட்ரஜனோடு சேர்ந்து பாக்டீரியாவுக்குள் சுலபமாக நுழைந்து, சர்க்கரையைச் சிதைக்க உதவும் ஈனோலேஸ் நொதியைத் தடுக்கிறது, அமிலமும் குறைகிறது. ஆனால் பேஸ்டின் பெரிய வேலை எனாமலில், அதாவது பல்லின் கெட்டியான மேல் பூச்சில்தான். அமிலத்தால் அதிலிருந்து கரைந்துபோன கால்சியமும் பாஸ்பேட்டும் எச்சிலிலிருந்து திரும்பப் படியும்போது ஃபுளோரைடும் கூடச் சேர்ந்தால் அந்த இடம் முன்னைவிடக் கெட்டிப்படும். புளிப்பை அளக்கும் பிஎச் கணக்கில் (எண் குறையக் குறையப் புளிப்பு கூடும்) சாதாரண எனாமல் 5.5 வாக்கில் கரையத் தொடங்கும், ஃபுளோரைடு ஏறியது 4.5 வரை தாங்கும்.

கவுந்தப்பாடியிலிருந்து: 5 வயதுப் பையனுக்கு மேல் பல்லில் ஈறோரமாக வெள்ளைக் கோடு. நாங்கள் நாட்டுச்சர்க்கரைதான் கொடுக்கிறோம், சொத்தை வருமா?

பல்லைத் துடைத்து உலர விட்டுப் பாருங்கம்மா. சுண்ணாம்பு தீற்றின மாதிரி மங்கலாகத் தெரிந்தால் பெரும்பாலும் சொத்தையின் ஆரம்பம், குழி விழாதவரை மீட்டுவிடலாம், அதனால் இந்த வாரமே பல் மருத்துவரிடம் காட்டுங்கள். நாட்டுச்சர்க்கரையும் பாக்டீரியாவுக்குச் சர்க்கரைதான், எத்தனை தடவை வாயில் போகிறது என்பதுதான் கணக்கு. பேஸ்ட் பட்டாணி அளவு (3 வயதுக்குள் என்றால் அரிசி அளவு), படுக்கும் முன் கட்டாயம். அப்புறம் நுரையைத் துப்பினால் போதும். நம் வீடுகளில் செம்பு செம்பாகக் கொப்பளிக்கிறோமே, பல்லில் தங்க வேண்டிய ஃபுளோரைடு பெரும்பாலும் அதில்தான் போகிறது.

ஈரோட்டிலிருந்து: அப்பத்தா வேப்பங்குச்சியே போதும் என்கிறார்.

அழுக்கு எடுக்கும், சரி. ஃபுளோரைடு கிடைக்காது. குச்சிக்குப் பிறகு பேஸ்டும் போடச் சொல்லுங்கள்.

பென்னாகரத்திலிருந்து: எங்கள் போர் தண்ணீரில் ஃபுளோரைடு அதிகம், பிள்ளைகளுக்குப் பல்லெல்லாம் காவி. கொதிக்க வைத்துக் குடிக்கலாமா? பேஸ்டை நிறுத்தலாமா?

கொதிக்க வைத்தால் கிருமி சாகும், ஃபுளோரைடு போகாது, தண்ணீர் சுண்டினால் அடர்த்தி கூடத்தான் செய்யும். லிட்டருக்கு 1 மில்லிகிராமுக்குள் இருப்பது நல்லது, வேறு தண்ணீரே இல்லையென்றாலும் 1.5 தாண்டக் கூடாது. இந்தக் காவி ஈறுக்குள் பல் உருவாகும்போதே ஏறுவது, சுமார் 8 வயதுவரைதான் அந்த ஆபத்து. ஆகவே சின்னப் பிள்ளைகள் குடிக்கவும் சோறு பொங்கவும் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீரையே வையுங்கள், அது வராத நாளில் ஆர்.ஓ. தண்ணீர். பெரியவர்கள் பேஸ்டை நிறுத்த வேண்டாம், துப்பிவிடுவதால் உள்ளே போவது சொற்பம். பிள்ளைகள் விழுங்காமல் பக்கத்தில் நின்று பாருங்கள். போர் தண்ணீரை ஒரு பாட்டிலில் பிடித்து மாவட்டக் குடிநீர் வடிகால் வாரிய ஆய்வகத்தில் கொடுங்கள், அளவு தெரிந்ததும் எழுதுங்கள், பிள்ளைகளுக்கு எந்த பேஸ்ட் என்று அப்போது சொல்கிறேன்.