‘பதினாறு நடக்கிறது’ என்றால் சட்டத்துக்குப் பதினைந்துதான்

கேள்வி: மகனுக்கு 19 வயது, பாலிடெக்னிக்கில் படிக்கிறான். உயர்நிலை நான்கில் படிக்கும் பெண்ணை விரும்புகிறான். அவளுக்குப் பதினாறு நடக்கிறது, அடையாள அட்டைகூட எடுத்துவிட்டாள். இரு வீட்டுக்கும் சம்மதம். சட்டச் சிக்கல் வருமா? தெரிந்தவர் ஒருவர், ‘போலிஸ் வரை போனாலும் பேசி முடித்துவிடலாம்’ என்று 2,000 வெள்ளி முன்பணம் கேட்கிறார்.
- சிங்கப்பூர், ஈசூன் வாசகி

பதில்: அம்மா, முதலில் அந்த 2,000 வெள்ளியைக் கொடுக்காதீர்கள்.

அப்புறம் வயது. 16 நடந்தால் போதாது, முடிந்திருக்க வேண்டும். அடையாள அட்டை 15 வயதிலேயே எடுப்பது. அது கையில் இருப்பதால் 16 முடிந்துவிட்டதென்று ஆகாது. உயர்நிலை நான்கில் ஜனவரியில் பிறந்தவளும் டிசம்பரில் பிறந்தவளும் ஒரே வகுப்பில்தான் இருப்பார்கள். அட்டையில் உள்ள பிறந்த தேதியைப் பாருங்கள்.

பேசிப் பழகுவது குற்றமில்லை. 14 முடிந்து 16 நிறையாதவளோடு உடலுறவு என்றால் தண்டனைச் சட்டம் 376ஏ பிரிவு பாயும்: 10 ஆண்டு வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். அவளே சம்மதித்திருந்தாலும், நீங்கள் தாம்பூலம் மாற்றியிருந்தாலும் அது எடுபடாது. அந்தரங்கப் படம் கேட்டு வாங்குவது தனிக் குற்றம்.

‘வயது தெரியாது என்று சொன்னால் தப்பலாம்’ என்று பையன்கள் நம்புகிறார்கள். அப்படி ஒரு விலக்கு இருப்பது உண்மைதான். ஆனால் சம்பவத்தின்போது அவனுக்கு 21 நிரம்பியிருக்கக் கூடாது. இதே மாதிரிக் குற்றச்சாட்டு முன்பு வந்திருக்கக் கூடாது. அவளுக்கு 16 ஆகிவிட்டதென்று நம்ப நியாயமான காரணமும் இருக்க வேண்டும். நீங்கள் அனுப்பிய அவளுடைய பிறந்தநாள் படத்தில் உங்கள் மகன் பக்கத்தில் நிற்கிறான், கேக்கின் மேல் ‘15’ மெழுகுவத்தி எரிகிறது. எந்த நீதிபதியிடம் போய்த் தெரியாது என்பது? இந்த விலக்கைச் சட்டத்தில் நேராக நாலு வரியில் எழுதாமல், உட்பிரிவுக்குள் உட்பிரிவாகச் செருகி வைத்திருக்கிறார்கள். படிக்கும் எனக்கே தலை சுற்றுகிறது. பதினெட்டு வயதுப் பையன் எங்கே படிக்கப் போகிறான்?

சரி, அந்த ‘தெரிந்தவர்’. இந்த மாதிரி ஆட்களை இருபது வருடமாகப் பார்க்கிறேன். புகார் போனபின் வழக்கு பெண் வீட்டாரின் கையில் இல்லை. தொடர்வதா, எச்சரித்து விடுவதா என்பது அரசுத் தரப்பின் முடிவு. பணம் கொடுத்து ‘வாபஸ்’ வாங்கப் போனால் அதுவே இன்னொரு வழக்காகலாம். கைப்பேசியில் இருப்பதை அழிக்கவும் சொல்வார்கள். நீதி விசாரணையைத் தடுக்க ஆதாரத்தை அழித்தால் 7 ஆண்டு வரை சிறை. வக்கீல் வேண்டுமென்றால் ப்ரோ போனோ எஸ்ஜி என்ற தொண்டு அமைப்பு நடத்தும் இலவசச் சட்ட ஆலோசனைக்குப் போங்கள்.

முன்பணம் ஏற்கெனவே கொடுத்துவிட்டீர்களா என்று எழுதவில்லை. கொடுத்திருந்தால், அவர் பணம் கேட்ட வாட்ஸ்அப் செய்தியையும் அழிக்காமல் வையுங்கள்.