தேவனுடைய சித்தத்தை அறிய வேதத்தை எப்படிப் படிப்பது?

கேள்வி: தினமும் வேதம் வாசிக்கிறேன், ஜெபிக்கிறேன். ஆனாலும் தேவனை நெருங்கி அறிந்த மாதிரி இல்லை. என் வாழ்க்கையில் அவருடைய சித்தம் என்ன என்பதும் தெளிவாகவில்லை. வேதத்தை எப்படிப் படிக்க வேண்டும்?

தினமும் வாசிக்கிறீர்கள் அல்லவா, அதை மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் நிறுத்திவிடாதீர்கள். இனி சொல்லப்போவதெல்லாம் அந்தப் பழக்கம் இருப்பவர்களுக்குத்தான் உதவும்.

உங்கள் கேள்வியைப் பார்த்ததும் எனக்கு இரண்டு ராஜாக்கள் நினைவுக்கு வந்தார்கள். ஒருவர் அப்பா, இன்னொருவர் அவருடைய மகன்.

அப்பா யோசியா. 8 வயதில் யூதாவின் ராஜாவானவர். அவர் ஆட்சியின் 18-ஆம் வருடத்தில், ஏறக்குறைய கி.மு. 622-இல், எருசலேம் ஆலயத்தில் பழுதுபார்க்கிற வேலை நடக்கிறது. அப்போது பிரதான ஆசாரியன் இல்க்கியாவின் கையில் நியாயப்பிரமாண புஸ்தகம் அகப்படுகிறது. இத்தனை நாளும் அது ஆலயத்துக்குள்ளேயேதான் இருந்திருக்கிறது, யாரும் தேடவில்லை. சாப்பான் என்கிற சம்பிரதி, அதாவது அரண்மனை எழுத்தர், ராஜாவிடம் போகிறார். முதலில் வேலைக்காரர்களுக்குக் கொடுத்த பணத்தின் கணக்கைச் சொல்கிறார். அப்புறம்தான், ஆசாரியன் ஒரு புஸ்தகம் கொடுத்தார் என்று சொல்லி அதை வாசிக்கிறார். கேட்ட ராஜா தன் வஸ்திரங்களைக் கிழித்துக்கொள்கிறார். உடனே உல்தாள் என்ற தீர்க்கதரிசினியிடம் ஆள் அனுப்பி இதைப் பற்றிக் கர்த்தரிடம் விசாரிக்கச் சொல்கிறார். பிறகு சிறியவர் பெரியவர் எல்லாரையும் ஆலயத்துக்குக் கூட்டி, அந்தப் புஸ்தகத்தை அவர்கள் கேட்க வாசிக்கிறார். அதன்படி நாட்டையே மாற்றத் தொடங்குகிறார். 2 இராஜாக்கள் 22, 23 அதிகாரங்களில் இது இருக்கிறது.

மகன் யோயாக்கீம். அந்த நாளிலிருந்து 20 வருடம்கூட ஆகவில்லை. எரேமியா தீர்க்கதரிசி சொல்லச் சொல்ல, பாருக்கு என்பவர் எழுதிய சுருள் அரண்மனைக்கு வருகிறது. குளிர்காலம், ராஜாவுக்கு முன்னால் கணப்பு எரிகிறது. மூன்று நான்கு பத்தி வாசித்ததும் அந்த அளவுக்குச் சுருளைக் கத்தியால் அறுத்து நெருப்பில் போடுகிறார்கள். மறுபடி வாசிப்பு, மறுபடி கத்தி. சுருள் முழுவதும் எரிந்து தீரும்வரை இது நடக்கிறது. வேண்டாம் என்று ராஜாவிடம் கெஞ்சியவர்களில் ஒருவர் கெமரியா. யோசியாவுக்கு வாசித்துக் காட்டிய அதே சாப்பானின் மகன். எரேமியா 36:24-ஐ நிதானமாகப் படித்துப் பாருங்கள். ராஜாவும் அவனுடைய ஊழியக்காரரும் பயப்படவுமில்லை, தங்கள் வஸ்திரங்களைக் கிழித்துக்கொள்ளவுமில்லை என்று எழுதியிருக்கிறது. அப்பா செய்ததை மனதில் வைத்துத்தான் அந்த வரி எழுதப்பட்டது என்று நான் நம்புகிறேன்.

இரண்டு பேருக்கும் தேவனுடைய வார்த்தை கிடைத்தது. சத்தமாக, ஒழுங்காக வாசித்துக் காட்டவும் ஆள் இருந்தது. யோயாக்கீமுக்கு வசனம் புரியாமல் இல்லை. நன்றாகப் புரிந்ததால்தான் எரித்தான்.

எனவே உங்களுக்கு நான் சொல்ல நினைக்கிற முதல் காரியம் படிக்கும் முறையைப் பற்றியதே அல்ல. வேதம் என்னைத் திருத்தட்டும் என்ற மனதோடு உட்காருகிறோமா என்பதைப் பற்றியது. யோவான் 7:17-இல் இயேசு இதை நேரடியாகவே சொல்கிறார்: தேவனுடைய சித்தத்தின்படி செய்ய மனதுள்ளவன்தான் இந்த உபதேசம் தேவனிடமிருந்து வந்ததா என்று அறிந்துகொள்வான். முதலில் எனக்குச் சித்தத்தைக் காட்டும், பிறகு செய்வதா வேண்டாமா என்று பார்க்கிறேன் என்பது நம் வழக்கம். அவர் வைத்திருக்கிற வரிசை வேறு.

தேவனை அறிவது என்றால் என்ன என்பதற்கும் இந்த அப்பா-மகன் கதையிலேயே பதில் இருக்கிறது. எரேமியா 22-இல் யோயாக்கீமைப் பார்த்துத் தீர்க்கதரிசி பேசுகிறார். அயலானிடம் கூலி கொடுக்காமல் வேலை வாங்கி, கேதுரு மரப் பலகை வைத்துப் பெரிய மாளிகை கட்டுகிறாய் என்கிறார். உன் தகப்பன் சாப்பிட்டான், குடித்தான், ஆனாலும் நியாயம் செய்தான். ஏழையின் வழக்கை விசாரித்தான் என்கிறார். அதற்கடுத்த வரியில்தான் நான் நெடுநேரம் நின்றுவிட்டேன்: அப்படிச் செய்வதல்லவா என்னை அறிகிற அறிவு என்று கர்த்தர் கேட்கிறார். தேவனை அறிவது ஏதோ ஒரு தனி அனுபவம், ஜெப அறையில் மட்டும் நடப்பது என்று நினைத்துக்கொண்டிருக்கிறவர்கள் இந்த வசனத்தின் முன்னால் கொஞ்ச நேரம் உட்கார வேண்டும்.

எங்கள் வேதபாடக் குழுவில் இந்தப் பகுதியைப் படித்த அன்று ஆட்களை வைத்து வேலை வாங்கும் ஒருவர் வந்திருந்தார். எப்போதும் நிறையப் பேசுகிறவர், அன்று வாயே திறக்கவில்லை. இரண்டு பேருக்குப் பல மாதமாகத் தள்ளிப்போட்டுக்கொண்டிருந்த சம்பளப் பாக்கியை அந்த வாரமே தீர்த்துவிட்டார் என்று பிறகு தெரிந்தது. அதற்கு முன்பும் அவர் எரேமியா படித்தவர்தான். ஆனால் அன்றைக்குத்தான் எரேமியா அவரிடம் பேசினார் என்று நினைக்கிறேன்.

சரி, படிக்கும் விதத்துக்கு வருவோம். நம்மில் யாரும் வேதத்தைக் கத்தியால் அறுப்பதில்லை. ஆனால் துண்டு துண்டாகத்தான் படிக்கிறோம். காலையில் ஒரு வாக்குத்தத்த வசனம், அதுவும் நமக்குப் பிடித்தது. எரேமியா 29:11 எல்லாருக்கும் தெரியும்: உங்கள்பேரில் நான் நினைத்திருக்கிற நினைவுகள் சமாதானத்துக்கானவை என்று தொடங்கும் வசனம். அதற்கு முந்தைய 10-ஆம் வசனத்தில் 70 வருடம் என்று இருக்கிறது. பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப் போனவர்களுக்கு எழுதிய கடிதம் அது. அதைக் கேட்ட பெரியவர்களில் பெரும்பாலானோர் ஊர் திரும்புவதற்குள் இறந்துபோயிருப்பார்கள். அவர்களுக்குத் தேவன் சொன்னது, அங்கேயே வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள், பிள்ளைகளுக்குக் கல்யாணம் செய்து வையுங்கள், உங்களைச் சிறைபிடித்த பட்டணத்தின் சமாதானத்துக்காக ஜெபம் பண்ணுங்கள் என்பது. இதையெல்லாம் சேர்த்துப் படித்தால் 11-ஆம் வசனத்தின் ஆறுதல் குறையாது. நான் கேட்டது சீக்கிரம் கிடைக்கும் என்ற அர்த்தம் மட்டும் போய்விடும். என் காலத்துக்குள் முடியாத ஒன்றையும் தேவன் செய்துகொண்டிருக்கிறார் என்ற பெரிய ஆறுதல் அதன் இடத்துக்கு வரும்.

வசனத்தைத் துண்டாக எடுப்பது எவ்வளவு ஆபத்து என்பதற்கு மத்தேயு 4 போதும். அங்கே பிசாசும் வேதத்தைத்தான் எடுத்துச் சொல்கிறான், 91-ஆம் சங்கீதத்தை. இயேசு மூன்று முறையும் உபாகமத்திலிருந்து பதில் சொல்கிறார். அதுவும் இஸ்ரவேலர் 40 வருடம் வனாந்தரத்தில் பட்ட பாட்டை நினைவுபடுத்துகிற 6, 8 அதிகாரங்களிலிருந்து. 40 நாள் வனாந்தரத்தில் பசியோடு இருந்தவர், அந்த ஜனங்கள் எங்கே விழுந்தார்களோ அங்கே நிற்கிறார். ஒற்றை வசனங்களை மட்டும் மனப்பாடம் செய்திருந்தால் வருகிற பதில்கள் அல்ல அவை.

நான் கடைப்பிடிப்பது இதுதான். கடிதங்களைக் கடிதமாகவே, ஒரே மூச்சில் படிக்கிறேன். பவுல் எழுதிய பிலிப்பியர் மொத்தமே 4 அதிகாரம். சத்தமாகப் படித்தாலும் அரை மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். அதிகார எண்கள் 13-ஆம் நூற்றாண்டில்தான் நிலைபெற்றன. இன்று புதிய ஏற்பாட்டில் இருக்கிற வசன எண்கள் 1551-இல் வந்தவை. பவுல் எண் போட்டு எழுதவில்லை. பிலிப்பியர் 4:13, எல்லாவற்றையும் செய்ய எனக்குப் பெலனுண்டு என்பது, தேர்வுக்கும் போட்டிக்கும் முன்னால் சொல்லிக்கொள்கிற வசனமாக ஆகிவிட்டது. கடிதத்தை முழுசாகப் படித்தால், காவலில் இருக்கிற ஒரு மனிதர், பசியோடு இருக்கவும் தெரியும், நிறைவாக இருக்கவும் தெரியும் என்று சொல்லிவிட்டுச் சொல்கிற வார்த்தை அது என்று தெரியும்.

முதல் தடவை சும்மா படிப்பேன். மறுநாள் அதே பகுதியை எடுத்து, இங்கே தேவன் எப்படிப்பட்டவராகத் தெரிகிறார் என்று மட்டும் பார்ப்பேன். எனக்கு இதில் என்ன இருக்கிறது என்ற கேள்வியைக் கடைசிக்குத் தள்ளிவிடுவேன். இது சின்ன மாற்றம் போலத் தெரியும், ஆனால் நீங்கள் சொன்ன அந்த நெருக்கம் இல்லாத குறைக்கு நான் கண்ட மருந்து இது. நம்மைப் பற்றியே தேடிப் படித்தால் கடைசியில் நம்மைத்தான் அறிவோம்.

படித்ததைப் படித்த இடத்திலேயே ஜெபமாக்குங்கள். 119-ஆம் சங்கீதம் 176 வசனம், கிட்டத்தட்ட எல்லாமே வேதத்தைப் பற்றியது. ஆனால் முதல் சில வசனங்களைத் தாண்டியதும் அது ஏறக்குறைய முழுக்க தேவனிடமே பேசுகிறது: உம்முடைய கற்பனைகள், உமது வசனம், எனக்குப் போதியும், என் கண்களைத் திறந்தருளும். வேதத்தை அவ்வளவு நேசித்த மனிதர், கடைசி வசனத்தில் காணாமற்போன ஆட்டைப்போல வழிதப்பிப்போனேன், என்னைத் தேடும் என்கிறார். வாசித்தும் ஒன்றும் மாறவில்லையே என்று சோர்ந்துபோகிற நாட்களில் அந்த வசனத்துக்குப் போங்கள்.

இப்போது தேவசித்தம். இதைக் கேட்கிறவர்களில் அநேகர் எந்த வேலை, எந்த வரன், எந்த ஊர் என்பதைத்தான் கேட்கிறார்கள். அந்தக் கவலை நியாயமானது, நான் அதைச் சின்னதாக எண்ணவில்லை. ஆனால் இதுதான் தேவனுடைய சித்தம் என்று வேதம் வெளிப்படையாகச் சொல்கிற இடங்களைப் பாருங்கள். 1 தெசலோனிக்கேயர் 4:3-இல் பரிசுத்தமாக வாழ்வது. 5:18-இல் எல்லாவற்றிலும் ஸ்தோத்திரம் செய்வது. 1 பேதுரு 2:15-இல் நன்மை செய்வது. மீகா 6:8-இல் நியாயம், இரக்கம், மனத்தாழ்மை. இவற்றில் எதற்கும் நாம் அடையாளம் கேட்டுக் காத்திருக்க வேண்டியதில்லை. வீட்டில் பேசாமல் இருக்கிற ஒருவரிடம் போய்ப் பேசுவது தேவசித்தமா என்று ஜெபித்துப் பார்க்கிறேன் என்று யாராவது சொன்னால், ஜெபியுங்கள், ஆனால் பதில் மத்தேயு 5:24-இல் ஏற்கெனவே இருக்கிறது என்றுதான் சொல்வேன்.

வேதம் பெயர் சொல்லிப் பதில் தராத முடிவுகளுக்கு, கண்ணை மூடிப் பக்கம் திறந்து விரல் வைப்பது வழி அல்ல. ரோமர் 12:2 மனம் புதிதாகிறதைப் பற்றிப் பேசுகிறது, அப்படி மாறிய மனதால்தான் தேவனுடைய சித்தத்தைப் பகுத்தறிய முடியும் என்கிறது. அது மெதுவாக நடக்கிற வேலை. வருடக்கணக்கில் வேதத்தில் ஊறிய மனம் ஒரு வேலையைப் பார்க்கும்போது சம்பளத்தை மட்டும் பார்க்காது. அங்கே பொய் சொல்ல வேண்டியிருக்குமா, குடும்பத்துக்கு நேரம் இருக்குமா, யாருக்காவது இதனால் நன்மை உண்டா என்று தானாகவே கேட்கும். அதற்கு மேலும் தெளிவு இல்லாவிட்டால் பயப்படாமல் முடிவெடுங்கள். அப்போஸ்தலர் 16-இல் பவுலே ஆசியா என்ற ரோம மாகாணத்துக்குப் போகப் பார்த்தார், தடை வந்தது. பித்தினியாவுக்குப் போகப் பார்த்தார், அதுவும் தடை. துரோவாவுக்கு வந்த பிறகுதான் மக்கெதோனியாவின் தரிசனம் கிடைத்தது. நடந்துகொண்டிருந்தவரைத்தான் தேவன் திருப்பினார்.

தனியாக மட்டும் படிக்காதீர்கள். யோசியா ராஜாவாக இருந்தும் உல்தாளிடம் ஆள் அனுப்பினார். எத்தியோப்பிய மந்திரி ரதத்தில் ஏசாயாவை வாசித்துக்கொண்டிருந்தபோது, ஒருவன் எனக்குத் தெரிவிக்காவிட்டால் எப்படிப் புரியும் என்று பிலிப்புவைத் தன்னோடு ஏற்றிக்கொண்டார். போதகர் சொல்வதையும் அப்படியே விழுங்க வேண்டாம். பெரோயா பட்டணத்தார் பவுல் சொன்னதையே தினமும் வேதவாக்கியங்களோடு ஒப்பிட்டுப் பார்த்தார்கள், அதற்காக அவர்களை நற்குணசாலிகள் என்று அப்போஸ்தலர் 17:11 பாராட்டுகிறது.

எங்கே தொடங்குவது என்றால் மாற்கு சுவிசேஷத்தில் தொடங்குங்கள். 16 அதிகாரம்தான், இரண்டு மூன்று தடவையில் முழுசாகப் படித்துவிடலாம். இயேசு யாரிடம் எப்படி நடந்துகொள்கிறார் என்று மட்டும் கவனியுங்கள். ஒரு நாளில் ஒரே ஒரு காரியமாவது செய் என்று வேதம் சொன்னால், அன்று இரவுக்குள் அதைச் செய்துவிட்டு, மறுநாள் அடுத்த அதிகாரத்துக்குப் போங்கள்.