மழை இரவும் தார்ச்சாலையும்: தவளைகள் பற்றிய வாசகர் கேள்விகள்

கேள்வி: எங்கள் ஊர்க் குளத்தை ஒட்டிய சாலையில், முதல் மழைக்கு மறுநாள் காலை எங்கு பார்த்தாலும் நசுங்கிய தேரைகள். மற்ற நாட்களில் ஒன்றிரண்டுதான் கண்ணில் படுகின்றன. அந்த ஓர் இரவில் மட்டும் ஏன்? (ஆனைமலை வாசகர்)

பதில்: தேரைகள் ஆண்டின் பெரும்பகுதியை வரப்பிலும் தோப்பிலும் கல்லிடுக்கிலும்தான் கழிக்கின்றன; முட்டையிட மட்டுமே அவற்றுக்குத் தேங்கிய நீர் வேண்டும். தோல் வழியே ஈரத்தை எளிதில் இழந்துவிடும் உயிரினம் என்பதால், வறண்ட நாளில் நெடுந்தூரம் நகர இயலாது. ஆகவே மண் நனைந்த முதல் இரவில், இருட்டியதும், சுற்றுவட்டாரத்துத் தேரைகள் எல்லாம் ஒரே சமயத்தில் குளத்தை நோக்கிப் புறப்படுகின்றன. இடையில் சாலை குறுக்கிட்டால் அதன் மீதேறித்தான் போயாக வேண்டும்.

வாகனத்தின் முகப்பு விளக்கு ஒளி பட்டதும் தேரை விலகி ஓடாது, பெரும்பாலும் அசையாமல் உட்கார்ந்துவிடும். ஆண் தேரை முதுகில் ஏறி, முன்கால்களால் பெண்ணின் அக்குளை இறுகப் பற்றியிருக்கும் வேளையில், சுமக்கும் பெண்ணின் நடை இன்னும் தளர்ந்துவிடுகிறது. காலையில் குனிந்து பார்த்தீர்களானால், ஒன்றென்று நினைத்த உடல் சில இடங்களில் இரண்டாக இருப்பதையும், வயிறு பிளந்து கருநிற முட்டைகள் பிதுங்கிக் கிடப்பதையும் காணலாம். ஒரு பெண் தேரை ஆயிரக்கணக்கில் முட்டையிடக் கூடியது. அவை குளத்தைச் சேரும் முன்பே அழிவதுதான் இதில் உள்ள பெரிய இழப்பு.

டென்மார்க்கில் நடத்தப்பட்டு 2001-இல் வெளியான ஓர் ஆய்வு, நாளொன்றுக்குச் சுமார் 3,200 வாகனங்கள் செல்லும் சாலையைக் கடக்கும் நீர்நில வாழ்வி கொல்லப்படும் வாய்ப்பை, இனத்தைப் பொறுத்து, 34 முதல் 61 விழுக்காடு என்று கணக்கிட்டது. விரைவுச்சாலையிலோ அது 89 முதல் 98 விழுக்காடு.

கேள்வி: இப்போது வண்டிகள் பெருகியும், செத்துக் கிடக்கும் தவளைகள் முன்பைவிடக் குறைந்திருக்கின்றன. வாகனங்களுக்கு அவை பழகிவிட்டனவா? (கம்பம் வாசகர்)

பதில்: அப்படி எண்ணி ஆறுதல் கொள்வதற்கில்லை. கனடாவின் ஒட்டாவா பகுதியில் செய்யப்பட்டு 1995-இல் வெளியான ஆய்வில், போக்குவரத்து மிகுந்த சாலைகளில், கிலோமீட்டருக்குக் காணப்பட்ட செத்த தவளைகளும் குறைவு, உயிருள்ளவையும் குறைவு; ஆனால் கண்டவற்றுள் செத்தவற்றின் விகிதம் அதிகம். அருகிலுள்ள நீர்நிலைகளில் தவளைகளின் குரலும் மங்கியே இருந்தது. சாவதற்குத் தவளைகள் மிச்சமில்லாத சாலையும் சுத்தமாகத்தான் தெரியும். உங்கள் பகுதியில் குட்டைகள் தூர்க்கப்பட்டதும் பூச்சிமருந்தும்கூடக் காரணமாக இருக்கலாம். பழியை முழுவதும் சாலையின் மீது போடுவது நியாயமாகாது. மேலும், காகமும் நாயும் எறும்பும் விடியும் முன்பே பலவற்றை அப்புறப்படுத்திவிடும் என்பதால், எட்டு மணிக்கு எடுக்கும் கணக்கை நம்ப வேண்டாம்.

கேள்வி: மழையில் சாலையோரம் மண்புழு போன்ற, ஒரு சாண் நீள உயிர் நசுங்கிக் கிடந்தது. பாம்புக்குட்டியா? (வால்பாறை வாசகர்)

பதில்: உடலில் வளையங்களும், வாயில் தாடையும் இருந்திருந்தால் அது சிசிலியனாக இருக்கலாம். காலில்லாவிட்டாலும் அது தவளையின் உறவுதான். மண்ணுக்குள் வாழும், பெருமழையில் மேலே வரும், மனிதருக்கு ஆபத்தில்லாதது.

கேள்வி: ஊராட்சியால் என்ன செய்ய முடியும்? (தென்காசி வாசகர்)

பதில்: சுவிட்சர்லாந்தில் 1969-லும், இங்கிலாந்தின் ஹென்லி அருகே 1987-லும் தேரைகளுக்கென்றே சாலைக்கு அடியில் சுரங்கவழி அமைத்தார்கள். நாம் அந்த அளவுக்குச் செலவிட வேண்டியதில்லை. சாவு சாலை முழுவதும் பரவி நிகழ்வதில்லை. குளமும் தோப்பும் எதிரெதிரே அமைந்த சில நூறு மீட்டரில்தான் குவியும். அந்த இடத்தை அடையாளம் கண்டு, அங்குள்ள குழாய்ப்பாலத்தில் (சாலைக்கு அடியில் நீர் போகும் குழாய்) அடைத்திருக்கும் மண்ணையும் குப்பையையும் மழைக்கு முன் தூர்வாரி, முழங்கால் உயரத்தில் பிளாஸ்டிக் தடுப்புக் கட்டி, அந்தக் குழாயின் வாய்க்குத் தேரைகளைத் திருப்பிவிடலாம். ஜெர்மனியில் இத்தகைய சாலைகளில் மணிக்கு 30 கிலோமீட்டர் வேக வரம்பு வைக்கிறார்கள்; இங்கு அறிவிப்புப் பலகையைவிட வேகத்தடைக்குத்தான் மதிப்பு அதிகம்.

தேரையைக் கையால் எடுத்துச் சாலையைக் கடக்கச் செய்ய விரும்புவோர், முதலில் தம் பாதுகாப்பைப் பார்த்து, ஒளிரும் உடையணிந்து, நனைத்த கையால் எடுக்கட்டும். அது எந்தத் திசையில் போய்க்கொண்டிருந்ததோ அந்தப் பக்கத்தில் விட வேண்டும். வந்த பக்கத்தில் விட்டால் மறுபடியும் சாலையில்தான் ஏறும்.