காணி உறுதி அலுமாரியிலேயே இருக்கட்டும்

போன சனிக்கிழமை திருகோணமலை உப்புவெளியிலிருந்து ஒரு குடும்பம், மகளின் படிப்புக்கு வழி கேட்டு என்னைப் பார்க்க வந்தது. அம்மா, அப்பா, ஓஎல் பெறுபேறு வந்து இரண்டு கிழமையான மகள். கதிரையில் இருக்க முதலே அம்மா கைபேசியை நீட்டினார். கனடாவிலிருந்து பெரிய மாமா வட்சப்பில் அனுப்பிய காணொளி அது. ட்ரீம்வேர்க்ஸ் நிறுவனத்தைத் தொடங்கியவர்களில் ஒருவரான ஜெஃப்ரி கட்சன்பெர்க் 2023 நவம்பரில் பேசியது. தன்னுடைய காலத்தில் ஒரு பெரிய அனிமேஷன் படத்துக்கு 500 கலைஞர்களும் 5 வருடங்களும் தேவைப்பட்டன, இன்னும் மூன்று வருடத்தில் அதில் பத்தில் ஒரு பங்குகூடத் தேவைப்படாது என்கிறார்.

"பார்த்தியளே சேர், படம் கீறுறவைக்கு இனி வேலையே இல்லையாம். இவள் ஏஎல்லுக்குச் சித்திரம் எடுக்கப் போறன் எண்டு நிக்கிறாள்."

மாமா மாற்று வழியும் சொல்லியிருந்தார். கொழும்பில் ஒரு தனியார் நிறுவனம், ஒரு வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்தின் பெயரில் தரும் செயற்கை நுண்ணறிவுப் பட்டம். 22 லட்சம். தங்குமிடமும் சாப்பாடும் வேறு. அம்மாவின் கைப்பையில் காணி உறுதியின் போட்டோக்கொப்பி மடித்து வைத்திருந்தது.

ஐந்து நிமிடம் ஆறுதலாகக் கதைத்தேன். பிறகு நிறுத்திவிட்டேன், ஏனென்றால் அந்தக் காணொளியைப் பொய் என்று என்னால் சொல்ல முடியாது. பிள்ளைகளுக்கு வழிகாட்ட வந்ததற்கு முதல் பதினாறு வருடம் நான் அனிமேஷன் கலைஞன். இன்றைக்கும் இரவில் அந்த வேலைதான் செய்கிறேன்.

தொடக்கத்தில் எனக்குத் தந்தது இடைப்படங்கள் கீறும் வேலை. திரையில் ஒரு செக்கனுக்கு 24 சட்டகம் ஓடும். ஒவ்வொரு படத்தையும் இரண்டு சட்டகத்துக்குப் பிடித்தால் செக்கனுக்கு 12 படம், ஒரு நிமிடத்துக்கு 720 படம். மூத்த கலைஞர் கை தூக்க முதல் ஒன்று, தூக்கிய பின் ஒன்று என்று கீறித் தருவார். நடுவில் உள்ளவை எல்லாம் என் கணக்கு. கோட்டைத் துப்புரவாக்குவது, நிறம் நிரப்புவது, பின்னணியில் தென்னையும் வானமும் தீட்டுவது என்று மெல்ல மெல்ல ஏறினேன். 2022 நடுப்பகுதியில், எழுதிக் கேட்டால் படம் தரும் ஏஐ கருவிகளான மிட்ஜேர்னியும் ஸ்டேபிள் டிஃபியூஷனும் எல்லோர் கைக்கும் வந்தன. அடுத்த வருடமே, ஆறு வருடமாக எனக்குப் பின்னணி வேலை தந்துவந்த வெளிநாட்டு நிறுவனமொன்று ஒரு வரி மின்னஞ்சலோடு அதை நிறுத்திவிட்டது. அன்று பின்னேரம் டச்சுக் குடாக் கரையில் இருட்டும்வரை இருந்தேன். வருமானம் போனது ஒரு பக்கம். இத்தனை வருடம் பழகிய கை எதற்கு என்ற கேள்வி மற்றப் பக்கம்.

அந்தக் கேள்விக்கு எனக்குப் பதில் கிடைக்க ஒரு வருடம் எடுத்தது. அதைத்தான் இந்த அம்மாவுக்குச் சொன்னேன்.

இந்த இயந்திரம் படம் தரும் விதம் இப்படி. இணையத்தில் இருந்து திரட்டிய படங்களையும் அவற்றின் குறிப்புகளையும் கோடிக்கணக்கில் காட்டிப் பழக்குகிறார்கள். ஸ்டேபிள் டிஃபியூஷனைப் பழக்கப் படங்கள் எடுத்த லாயன் என்ற தொகுப்பில் மட்டும் 585 கோடி சோடி. பழகிய இயந்திரம் வெறும் புள்ளிக் குழப்பத்தில் தொடங்கி, அந்தக் குழப்பத்தைச் சிறிது சிறிதாகத் துடைத்து, நாங்கள் எழுதிய வரிக்கு அதிகம் பொருந்தும் படத்தை வெளியே எடுக்கிறது. பின்னேரக் கடற்கரை கேட்டால் பின்னேரக் கடற்கரை வரும், வடிவாகவே வரும். ஆனால் இந்தக் கதையில் இந்த இடத்தில் கடற்கரையைக் காட்டுவதா, கடலைப் பார்க்காமல் நிற்கும் அந்தப் பெண்ணின் முதுகைக் காட்டுவதா என்று அது கேட்காது. எங்கள் தொழிலில் அதைத் தீர்மானிக்கிற வேலைக்கு ஒரு பெயர் இருக்கிறது. ஸ்டோரிபோர்ட்.

இதை நான் சொல்லிக்கொண்டிருக்கும்போது அம்மா குறுக்கிட்டார். "அதுக்குத்தான் சேர், கீறுறதை விட்டிட்டு அந்த ஏஐயையே படிச்சா நல்லம் எண்டு அண்ணா சொல்றார்."

அம்மா, உங்கள் அண்ணாவின் அக்கறையில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் அவருடைய கணக்கை அவருக்கே திருப்பிப் போட்டுப் பாருங்கள். படம் கீறும் வேலையை இயந்திரம் எடுக்கும் என்றால், கணினிக்குக் கோட் எழுதும் வேலையையும் அது விட்டுவைக்கவில்லை. கிட்ஹப் கோபைலட் என்ற ஏஐ கருவி 2021 இலேயே கோட் எழுதிக் காட்டியது. மென்பொருளில் மனம் உள்ள பிள்ளை இந்த மாற்றத்தையும் தாண்டிப் போகும். மனம் இல்லாத பிள்ளையை அதற்குள் தள்ளினால், இயந்திரம் இலேசாகச் செய்யும் அளவு கோட் மட்டும் எழுதத் தெரிந்த ஒருவராக, 22 லட்சம் கடனோடு வெளியே வரும். உங்கள் மகள் அந்த முக்கால் மணித்தியாலத்தில் வாய் திறந்தது இரண்டு தரம். இரண்டு தரமும் அவளுக்குப் பதிலாக நீங்கள்தான் பதில் சொன்னீர்கள்.

பிறகு நான் அவளுடைய கொப்பியைக் கேட்டேன். தயங்கித் தயங்கி எடுத்துத் தந்தாள். முன் பக்கங்களில் நடிகைகளின் முகம், பூ, கோணேசர் கோயில் மலை. நன்றாக இருந்தன, அவ்வளவுதான். நடுவில் ஒரு பக்கத்தை ஆறு கட்டமாகப் பிரித்திருந்தாள். முதல் கட்டத்தில் பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு மரக்கறிக் கடை, தூரத்தில் எங்கள் ஊர்ப் புள்ளிமான் ஒன்று. இரண்டாவதில் மான் கிட்ட வந்து ஒரு பொலித்தீன் பையை முகர்கிறது. மூன்றாவதில் மான் இல்லை. கடைக்காரரின் கை மட்டும், கோவா இலையைப் பிய்த்தபடி. நான்காவதில் பையும் இலையும் நிலத்தில் பக்கத்துப் பக்கத்தில் கிடக்கின்றன. ஐந்தாவதில் மானின் கண். ஆறாவது கட்டம் வெறுமை.

"ஏன் பிள்ளை இதை முடிக்கேல்லை?"

"எதைத் திண்டது எண்டு நான் காணேல்லை சேர். பஸ் வந்திட்டுது."

அந்தப் பிள்ளையை நான் விடமாட்டேன் என்று முடிவெடுத்தது அந்த இடத்தில்தான். மூன்றாவது கட்டத்தில் மானைக் கீறாமல் விட வேண்டும் என்று அவளுக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை.

ஆசிரியத் தொழில், வங்கிப் பரீட்சை, ஐடி டிப்ளோமா பற்றியெல்லாம் உங்களுக்கு ஊரே சொல்லும். நான் இந்த ஒன்றைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

ஸ்டோரிபோர்ட் கலைஞரின் கையில் முதலில் வருவது எழுத்து. "அவள் கடிதத்தைப் படித்துவிட்டு வெளியே போகிறாள்" என்று ஒரு வரி இருக்கும். அதைப் பத்துக் கட்டமாகவும் கீறலாம், இரண்டு கட்டமாகவும் கீறலாம். கடிதம் முதலில் வருகிறதா, முகம் முதலில் வருகிறதா? கதவு அருகிலா, அறையின் மறுமூலையிலிருந்தா? இருவர் கதைக்கும்போது அவர்களுக்கு நடுவே ஒரு கோடு இருப்பதாக நினைத்து, கமெராவை அந்தக் கோட்டின் ஒரே பக்கத்தில் வைத்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் பார்ப்பவருக்கு யார் யாரைப் பார்க்கிறார் என்றே குழம்பும். முதலில் தீப்பெட்டி அளவில் கிறுக்கல்கள். அவை சரிவந்தால் பெரிய கட்டங்கள். பிறகு அவற்றை வரிசையாக அடுக்கி, ஒவ்வொன்றும் எத்தனை செக்கன் நிற்கும் என்று அளந்து, குரலோடு ஓடவிட்டுப் பார்ப்பார்கள். இதை அனிமற்றிக் என்பார்கள். நெறியாளர் பார்த்து, "ஏழாவது கட்டத்தில் அவள் இன்னும் கொஞ்சம் தயங்கட்டும்" என்பார். ஏழாவதை மட்டும் மாற்ற வேண்டும், மற்றதெல்லாம் அப்படியே நிற்க வேண்டும். ஏஐ கருவியோடு வேலை செய்தவர்களுக்கு இது எவ்வளவு கரைச்சல் என்று தெரியும். தயக்கத்தைக் கேட்டால் சட்டையின் பொத்தானும் சேர்ந்து மாறிவிடும்.

இந்த வேலை அனிமேஷனுக்கு மட்டுமில்லை. விளம்பரம், குறும்படம், பாட்டுக் காணொளி, டெங்கு விழிப்புணர்வுப் படம், பாடசாலைப் பாடக் காணொளி, எல்லாவற்றுக்கும் யாரோ ஒருவர் முதலில் கட்டம் கீற வேண்டும். என் இப்போதைய வருமானத்தில் பெரும் பங்கு இதிலிருந்துதான் வருகிறது. ஒன்றை ஒளிக்காமல் சொல்கிறேன்: வேலை எண்ணிக்கையில் குறைவு, முதல் மூன்று நான்கு வருடம் வருமானம் ஒழுங்காக வராது.

படிப்புக்கு வருவோம். இந்த வழியில் போவதென்றால் ஏஎல் கலைப் பிரிவில் சித்திரத்தை விடக்கூடாது. மற்ற இரண்டுக்கும் தமிழ், நாடகமும் அரங்கியலும், தொடர்பாடலும் ஊடகக் கற்கையும் ஆகியவற்றில் இருந்து பாருங்கள். நாடகம் படித்த பிள்ளைக்கு ஒரு உடம்பு எங்கே நிற்க வேண்டும் என்று தெரியும். ஆனால் எந்தச் சேர்க்கையை எடுத்தாலும், பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் கைநூலை எடுத்து, விதியோடு ஒப்பிட்டுவிட்டுப் படிவத்தை நிரப்புங்கள். பிறகு மட்டக்களப்புக் கல்லடியில் சுவாமி விபுலாநந்த அழகியற் கற்கைகள் நிறுவகம் இருக்கிறது, கிழக்குப் பல்கலைக்கழகத்தின் கீழ். அங்கே கட்புலமும் தொழினுட்பக் கலையும் என்று ஒரு பட்டம் உண்டு. இசட் புள்ளியோடு செயன்முறைத் தேர்விலும் தேற வேண்டும். அரச படிப்பு, பாடக் கட்டணம் இல்லை. கிண்ணியா, மூதூர், வாகரை தாண்டிப் பஸ்ஸில் போகிற தூரம். எங்கள் பக்கத்திலேயே இருக்கும் இதைச் சொன்னால், "அங்க ஆட்டமும் பாட்டும்தானே" என்று கேட்கிறார்கள். இதைக் கேட்டுக் கேட்டு எனக்கு மனம் நொந்துவிட்டது.

பட்டம் ஸ்டோரிபோர்ட்டை முழுதாகச் சொல்லித் தராது. அதை அவள் இன்றிலிருந்தே வீட்டில் பழக வேண்டும். பென்சிலும் வெறும் தாளும் போதும். படங்களைக் கைபேசியில் எடுத்து அடுக்கிப் பார்க்கலாம். அடுத்த வருடம் கணினியோடு இணைத்துக் கீறும், திரையில்லாத சின்ன வரைபலகை ஒன்று, ஒரு பழைய மடிக்கணினி. கிரித்தா, பிளெண்டர் என்ற மென்பொருள்களில் கட்டம் கீறலாம், இரண்டும் இலவசம். 2025 இல் சிறந்த அனிமேஷன் படத்துக்கான ஒஸ்காரை வாங்கிய லாட்வியப் படம் பிளெண்டரில்தான் செய்யப்பட்டது. ஆகவே "கேமிங் லப்டொப் வாங்கினால்தான் பிள்ளை முன்னேறும்" என்று யாராவது சொன்னால் காசைக் கொடுக்காதீர்கள். மாதச் சந்தா கட்டும் ஏஐ கருவிகளும் இரண்டு வருடத்துக்கு வேண்டாம். நானும் பாவிக்கிறேன், ஒளி எந்தப் பக்கம் விழும் என்று பார்க்க. ஆனால் எதைக் காட்டுவது என்று தெரிவு செய்யப் பழகிய பிறகு பாவிப்பது வேறு, பழக முதலே அதனிடம் விட்டுவிடுவது வேறு.

அத்தோடு, சொந்தக் கைக்கு இப்போது சட்டத்தில் ஒரு பெறுமதி வந்திருக்கிறது. 2023 பெப்ரவரியில் அமெரிக்கப் பதிப்புரிமை அலுவலகம், ஒரு படக்கதையில் ஆள் எழுதிய வசனத்துக்கும் அடுக்கிய விதத்துக்கும் உரிமை உண்டு, இயந்திரம் தந்த படங்களுக்கு இல்லை என்று தீர்த்தது. 2025 மார்ச்சில் அங்குள்ள மேன்முறையீட்டு நீதிமன்றமும் மனித ஆசிரியர் இருக்க வேண்டும் என்றது. தன் கதாபாத்திரம் தனக்கே சொந்தமாக இருக்க வேண்டும் என்று நினைக்கிற நிறுவனம் இதை யோசிக்காமல் இருக்க முடியாது.

அம்மா, காணி உறுதியை வங்கிக்குக் கொண்டுபோக வேண்டாம். இந்த விசயத்தில் நான் இறங்கிவர மாட்டேன். இந்த வழி சரிவராமல் போனாலும் உங்களுக்கு வீடு இருக்கும், அவளுக்கு இன்னொரு வழி தேட வயது இருக்கும். மாமா கோபித்தால் என்னோடு கதைக்கச் சொல்லுங்கள். சித்திரம் எடுப்பதா என்ற கேள்விக்கு அவள்தான் பதில் சொல்ல வேண்டும், நீங்களும் நானும் பக்கத்தில் இருந்து கேட்போம்.

அப்பா அதுவரை ஒன்றும் கதைக்கவில்லை. இபோச பஸ் சாரதி, கொழும்புக்கு இரவுச் சேவை. எழும்பும்போதுதான் சொன்னார், கந்தளாய்க்கும் ஹபறணைக்கும் இடையில் ஒரு இரவு யானை நடுரோட்டில் நின்றதாம், பஸ் நிறைந்த சனத்தோடு லைட்டை அணைத்துவிட்டு இருபது நிமிடம் மூச்சுக் காட்டாமல் இருந்ததாம். "அதைக் கீறுவியா பிள்ளை?" என்று கேட்டார்.

முப்பது கட்டம், அடுத்த சனிக்கிழமை கொண்டு வா என்றேன். அவள் கொப்பியைத் திறந்தபடியே வாசலுக்குப் போனாள். கேற்றடியில் அவள் அப்பாவை நிறுத்திக் கேட்டது எனக்கு உள்ளே கேட்டது:

"அப்பா, லைட்டை நூத்த பிறகு உங்களுக்கு யானை தெரிஞ்சதா, சத்தம் மட்டும் கேட்டதா?"