கட்டிலடித் தூசியும் கோள்களும்

கேள்வி: சூரியனைச் சுற்றியிருந்த வாயுத் தட்டில் தூசி ஒட்டி ஒட்டித்தான் பூமி உருவானது என்று எழுதியிருந்தீர்கள். அந்த வாயு கொந்தளித்துக்கொண்டிருந்தது என்றால் தூசி சிதறியிருக்காதா?
– வாசகி, பெரம்பூர்

பதில்: சிதறவும் செய்யும், சேரவும் செய்யும். எவ்வளவு கொந்தளிப்பு என்பதுதான் விஷயம்.

மயிலாப்பூரில் எங்கள் வீட்டுக் கட்டிலை நகர்த்திப் பெருக்கினால் அடியில் பஞ்சு பஞ்சாகத் தூசி உருண்டைகள் கிடக்கும். ஃபேன் காற்று நேராக அடிக்கும் இடத்தில் அவை சேர்வதில்லை. காற்று மெல்ல அலையும் இடத்தில்தான் சேர்கின்றன. கோள் பிறக்கும் தட்டிலும் நுண்தூசிகள் ஒன்றையொன்று சந்திக்க மெல்லிய அலைச்சல் உதவும். கொந்தளிப்பு பலமானால் மோதல் வேகமும் கூடும். நொடிக்குச் சுமார் 1 மீட்டரைத் தாண்டினால் பாறைத்தூசி உருண்டைகள் ஒட்டாமல் உடையத் தொடங்குவதை ஆய்வுக்கூடங்களில் பார்த்திருக்கிறார்கள்.

இன்னொரு சிக்கல் இதைவிடப் பெரிது. வாயு, கற்களைவிடச் சற்று மெதுவாகச் சுற்றுகிறது. அதனால் கற்களுக்கு எப்போதும் எதிர்க்காற்று. அடையாறிலிருந்து பெசன்ட் நகர் கடற்கரைக்குச் சாயங்காலம் சைக்கிள் மிதித்தவர்களுக்கு அது தெரியும். வேகம் இழந்து கற்கள் உள்ளே சரிகின்றன. பூமி இருக்கும் தூரத்தில் 1 மீட்டர் கல் சுமார் 100 ஆண்டுகளிலேயே சூரியனில் விழுந்துவிடும் என்று 1977இல் கோள் ஆய்வாளர் வெய்டன்ஷில்லிங் கணக்கிட்டார்.

கற்கள் இதிலிருந்து தப்பும் வழியை 2005இல் வானியல் ஆய்வாளர்கள் யூடின், குட்மன் இருவரும் காட்டினார்கள். கூழாங்கற்கள் நெருக்கமாகச் சேர்ந்தால் அவையே வாயுவைத் தங்களோடு இழுக்கும். எதிர்க்காற்று குறையும், பின்னால் வருபவையும் அங்கேயே வந்து சேரும், கடைசியில் கூட்டம் தன் ஈர்ப்பாலேயே சுருங்கிவிடும். ஆனால் அதற்கு அவை தட்டின் நடுத்தளத்தில் படிந்திருக்க வேண்டும். பலத்த கொந்தளிப்பு படியவிடாது. ஆனாலும் அதை வில்லனாக மட்டும் பார்க்க எனக்கு மனம் வரவில்லை. வாயு அழுத்தம் மிகுந்த வளையங்களைக் கொந்தளிப்பே சில சமயம் உண்டாக்கும். சரிந்து வரும் கற்கள் அங்கே சிக்கித் தங்கும்.

கேள்வி: இதையெல்லாம் நேரில் பார்க்க முடியுமா?
– அதே வாசகி

பதில்: மார்கழி இரவில் மொட்டை மாடியிலிருந்து ரோகிணி நட்சத்திரத்தைப் பாருங்கள். அதை ஒட்டித்தான் எச்.எல். டாரி என்ற இளம் நட்சத்திரம் இருக்கிறது, சுமார் 450 ஒளியாண்டு தூரத்தில். வெறுங்கண்ணுக்குத் தெரியாது. சிலியின் ஆல்மா தொலைநோக்கி 2014இல் அதன் தட்டைப் படம் பிடித்தது. சாய்ந்து தெரியும் தட்டிலும் வளையங்களுக்கு நடுவே இடைவெளிகள் அவ்வளவு கூர்மை! தூசி மெல்லிய படலமாகப் படிந்திருந்தால்தான் அப்படித் தெரியும். அங்கே கொந்தளிப்பு குறைவு. அதற்கு ஒரு முழுநிலா அகலம் தள்ளி இருக்கும் டி.எம். டாரி என்ற இன்னொரு இளம் நட்சத்திரத்தின் தட்டிலோ வாயு நன்றாகவே கொந்தளிக்கிறது.